ராடு கணக்கு

வெல்டிங் பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வரும் அதிகாரிகள் வருகைப் பதிவேட்டைக் கேட்பார்கள், தேர்ச்சி சதவீதத்தைக் கேட்பார்கள். திருச்சி வட்டாரத்தில் ஓர் அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவுக்குப் பயிற்றுநராக இருக்கும் ஒருவர், பரீட்சை வேலையாக வேறு ஐடிஐக்குப் போனால் முதலில் ஸ்டோர் பக்கம்தான் ஒதுங்குவார். எத்தனை பாக்கெட் வெல்டிங் ராடு வந்தது, எத்தனை தீர்ந்தது, பிளேட் எத்தனை கிலோ வெட்டினார்கள்? வந்த ராடு வந்தபடியே அடுக்கில் இருந்தால், அங்கே ரெக்கார்டு நோட்டு மட்டும் பளிச்சென்று இருக்கும். “வீணாக்கக் கொடுக்காத இடத்துல வெல்டிங் வராது சார்” என்பது அவர் வாதம். தொழிற்பயிற்சிக்கு அரசு ஒதுக்கும் காசில் கட்டடம், சம்பளம், விளம்பரம் எல்லாம் போக எவ்வளவு எரிந்து புகையாகிறதோ, அவ்வளவுதான் பையன் கைக்கு வந்து சேர்ந்த பங்கு என்று அடித்துச் சொல்வார்.

அவர் பேச்சுக்குப் பின்னால் துவாக்குடி இருக்கிறது. 1960-களின் நடுவில் திருவெறும்பூர் பக்கம் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை வந்தது. திருச்சிக்காரர்களுக்கு அது ‘பெல்’. கொதிகலன் என்றால் குழாய், குழாய் என்றால் வெல்டிங். ஆலை ஆர்டரை நம்பிப் பிழைக்கும் பட்டறைகள் துவாக்குடியிலும் சுற்றுப்புறத்திலும் வரிசையாக முளைத்தன. 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேயே வந்தது. அந்தப் பக்கத்து டீக்கடையில் ஒருவர் ‘6ஜி’ என்றால் செல்போன் பேச்சு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயை, குனிந்தும் நிமிர்ந்தும் சுற்றி வந்து பற்றவைக்கும் நிலை அது. அதில் தேறியவனுக்குக் கல்யாணச் சந்தையில்கூட மதிப்பு உண்டு.

அவர் பத்தாவதில் கணக்குப் பாடத்தில் நின்றுபோனவர். வெல்டர் டிரேடுக்கு எட்டாவது தேர்ச்சி போதும் என்பதால் அந்த வழியாக ஐடிஐக்குள் வந்தார். பிறகு 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ், அதன்பின் துவாக்குடியில் பட்டறை வேலை. விட்ட கணக்கைத் தனித்தேர்வில் எழுதித் தேறி, கிண்டியில் பயிற்றுநர்களுக்கான மத்திய அரசு நிலையத்தில் படித்து, வந்த இடத்துக்கே வாத்தியாராகத் திரும்பினார். பட்டறை முதலாளிகள் அவரை இன்றைக்கும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பையன்களுக்கு ‘சார்’.

முதல் வாரம் எல்லோருக்கும் ஒரே பாடம், ராடு ஒட்டிக்கொள்வது. ஹோல்டரைப் பிடித்து பிளேட்டில் உரசினால் பொறி வர வேண்டும், வந்ததும் ராடின் கனத்தளவு தூக்கிப் பிடிக்க வேண்டும். பையன் பயந்து அழுத்துவான், ராடு பிளேட்டோடு ஒட்டிக்கொண்டு சிவக்கும். “முறிச்சு எடு தம்பி, மிஷின் ஒண்ணும் வெடிக்காது” என்பார். தூக்கிப் பிடித்தால் அணைந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதைக் காட்டிக் கொடுப்பது காதுதான். சரியான ஆர்க் எண்ணெயில் மீன் பொரிகிற மாதிரி சீராகச் சடசடக்கும். நீண்டுவிட்டால் சத்தம் சிதறும், ஸ்பாட்டர் நாலாபக்கமும் தெறிக்கும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் புதிதாகப் பார்க்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது என்பதால், முதல் சில நாட்கள் அவர் பையன்களுக்குப் பின்னால் நின்று சத்தத்தை மட்டும் கேட்டபடி “கிட்ட... இன்னும் கிட்ட... அப்படியே போ” என்று சொல்லிக்கொண்டிருப்பார். பத்து பூத்தில் எந்த பூத் தடுமாறுகிறது என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிடுவார்.

3.15 மி.மீ. கனமும் 350 மி.மீ. நீளமும் உள்ள சாதாரண 6013 ராடு, சுமார் 110 ஆம்பியரில் எரிய ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அவ்வளவுதான் ஒரு ராடு. அதற்குள் கை பதற்றம் அடங்கி, பீடு (ராடு உருகிப் படியும் கோடு) நேராகி, வேகம் ஒரே சீராக வர வேண்டும். அப்படி எத்தனை நிமிடங்கள் ஒரு பையனுக்குக் கிடைக்கின்றன என்பதே அவருடைய ஓயாத கவலை. ஒரு மிஷினுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால், மூன்று மணி நேர செய்முறை வகுப்பில் ஆளுக்கு முக்கால் மணி. அதிலும் பிளேட் வெட்டி, பெவல் கிரைண்ட் செய்து, டேக் (தற்காலிகப் பிடிப்பு) போட்டு, ஸ்லாக் தட்டி, பிரஷ் போடும் நேரம் போனால் ஆர்க் எரிந்த நேரம் கால் மணி தேறினால் பெரிது.

ஐடிஐ என்ற இந்த ஏற்பாட்டின் வேர் யுத்த காலத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளிலிருந்து கழற்றிவிடப்பட்டவர்களுக்கும் வேலைக்கு வழி செய்ய 1945-ல் மறுவாழ்வு, வேலைவாய்ப்பு இயக்குநரகம் ஒன்று அமைந்தது. 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. இன்றைய ஐடிஐ அந்தத் திட்டத்தின் பிள்ளை. கையில் தொழில் இல்லாதவனுக்கு நாள் முழுக்க, மாதக்கணக்கில் சொல்லிக்கொடுப்பது என்ற அச்சு அப்போது வார்த்தது, பெரிதாக மாறவில்லை. மாறியது நேரம். பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 1,600 மணி என்று இருந்ததை 2022-ல் 1,200 ஆக்கினார்கள். அதில் செய்முறை 840 மணி. இது போக 150 மணி ஏதாவது கம்பெனியில் நேரடிப் பயிற்சி. கம்பெனி நல்ல கம்பெனியாக வாய்த்தால் அந்த 150 மணி பொன். வாய்க்காவிட்டால் பையன் கிரைண்டிங் தூசியைக் கூட்டிவிட்டு வருவான்.

நடுவில் 2013-ல் செமஸ்டர் முறை வந்து, 2018-ல் மறுபடி ஆண்டுத் தேர்வுக்கே போனது. அந்த ஐந்து வருடமும் பையன்கள் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டே இருந்தார்கள் என்பதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ராடு வாங்குவதிலும் ஒரு கூத்து உண்டு. நிதியாண்டு முடிகிற மார்ச்சில் பணம் செலவாக வேண்டும் என்று சரக்கு மொத்தமாக வந்து இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்டோர் சுவர் ஈரம் கோத்து நிற்கும்போது பாதி பாக்கெட் அங்கேயே இருக்கும். 6013 கொஞ்சம் பொறுத்துப் போகும். 7018 ரக ராடு பொறுக்காது. ஈரம் ஏறினால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, நாள் கழித்து விரிசல் விடும். அதை 300 டிகிரிக்கு மேல் ஓவனில் மணிக்கணக்கில் காயவைத்துத்தான் எடுக்க வேண்டும். இதைப் பையன்களிடம் பாடமாகச் சொல்வதைவிட, நமத்த ராடு ஒன்றையும் காய்ந்த ராடு ஒன்றையும் அடுத்தடுத்து ஓட்டச் சொல்லி, இரண்டு பீடையும் குறுக்கே உடைத்துக் காட்டுவார். ஒன்றில் குண்டூசி குத்தியது போலப் புள்ளி புள்ளியாகத் துளை.

துண்டு ராடுகளை அவர் அளந்து பார்ப்பார். 50 மி.மீ. வரை எரித்துவிட்டுப் போட வேண்டும் என்பது வழக்கம். பாதியில் தூக்கி எறிந்தவனைத் திட்டமாட்டார், கூப்பிட்டு அந்தத் துண்டையே மறுபடி ஹோல்டரில் மாட்டி எரிக்கச் சொல்வார். அணைந்த ராடை மறுபடி பற்றவைத்து, விட்ட இடத்தில் குழி விழாமல் தொடர்வதுதான் நிஜ வேலையில் நாள் முழுக்க நடப்பது.

இந்தப் பாடத்தை அவர் சொல்லாமலே பிடித்துக்கொண்டவர் ஒரு பெண். தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் ஆண்களுக்கு 40 வயது வரம்பு உண்டு, பெண்களுக்கு உச்ச வரம்பு இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மணப்பாறைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார். முதல் மாதம் முடிவதற்குள் கழிவு டப்பாவில் கிடந்த பாதி ராடுகள் மாயமாக ஆரம்பித்தன. பார்த்தால் இவர்தான். மதிய இடைவேளையில் டப்பாவைக் கிளறி, பூச்சு உதிராததைப் பொறுக்கி, வெட்டிப்போட்ட இரும்புத் துண்டுகளில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆண்டு இறுதியில் அவர் போட்ட வெர்ட்டிகல் ஜாப்பை வளைத்துப் பார்த்தார்கள். 180 டிகிரி வளைத்த பிறகு 3 மி.மீ.க்கு மேல் வாய் திறந்தால் தள்ளுபடி. அதில் ஒரு கீறல்கூட இல்லை. “பொம்பளைப் பிள்ளைக்குக் கை நிதானம்” என்றார் தேர்வுக்கு வந்தவர். “நிதானமெல்லாம் இல்ல சார், மத்தவங்களைவிட ராடு அதிகமா எரிச்சிருக்கு” என்றார் பயிற்றுநர்.

வேலை தேடி வருகிறவர்களுக்கு அரசு செய்வது குறைவில்லை. அரசு ஐடிஐயில் கட்டணம் கிடையாது. மாதம் ₹750 உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ₹1,000. இவ்வளவு இருந்தும் மூன்றாவது நான்காவது மாதத்தில் சிலர் காணாமல் போவார்கள். ஆர்க் பிடிக்கத் தெரிந்துவிட்டது என்று காதில் விழுந்ததும் பக்கத்துப் பட்டறை ஹெல்பராகக் கூப்பிட்டுக்கொள்ளும். இரண்டு நாள் கூலி ஒரு மாத உதவித்தொகையைத் தாண்டிவிடும். பயிற்றுநர் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவார். சில வீடுகளில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, “நீங்க சொல்றது சரிதான் சார்” என்பார்கள். பையன் மறுநாளும் பட்டறைக்குத்தான் போவான்.

2015 ஜூலையில் பிரதம மந்திரி திறன் வளர்ச்சித் திட்டம் வந்தபோது மையங்கள் ஊருக்கு ஊர் திறந்தன. குறுகிய காலப் படிப்பு, தனியார் நடத்துவது, அரசு பணம் தருவது. 2016-க்குப் பிந்தைய விதிப்படி வகுப்பு தொடங்கினால் 30 சதவீதம், சான்றிதழ் பெற்றால் 50, வேலை கிடைத்தால் 20 என்று மையத்துக்குத் தவணை கிடைத்தது. பணம் எந்தப் பக்கம் கனக்கிறதோ நடத்துகிறவர் கவனமும் அந்தப் பக்கம் போகும், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அப்படி ஒரு மையத்துக்குச் சில வகுப்புகள் எடுக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். டி-ஷர்ட், தொப்பி, சுவரில் பேனர், கைரேகை வருகைப்பதிவு எல்லாம் இருந்தன. வெல்டிங் மிஷின் இரண்டு. ராடு கேட்டபோது, “ஒரு ஆளுக்கு எத்தனை வேணும்னு சொல்லுங்க சார், கரெக்டா வாங்கிடலாம்” என்றார் நிர்வாகி. எண்ணிக்கையைச் சொன்னதும் நிர்வாகியின் முகம் மாறியது.

எல்லா மையமும் இப்படி என்று சொல்வது அநியாயம். சொந்தப் பட்டறை வைத்திருந்தவர்கள் நடத்திய சில மையங்களில் பையன்கள் நன்றாகவே தேறினார்கள், ஏனென்றால் அங்கே எரிக்கப் பொருள் இருந்தது.

ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களின் விஷயம் தனி. அவர்களுக்காக அதே திட்டத்தில் ‘முன் அனுபவ அங்கீகாரம்’ என்று ஒரு பிரிவு. தொழில் தெரியும், காகிதம் இல்லை என்பவர்களுக்குச் சோதனை வைத்துச் சான்றிதழ் தருவது. சுருக்கமான முகாம் என்றால் அப்போது 12 மணி நேர அறிமுக வகுப்பு. அதில் தொழில் பற்றி ஆறு மணி, பேச்சுப் பழக்கம் முதலியவற்றுக்கு நான்கு, தேர்வு எப்படி இருக்கும் என்று விளக்க இரண்டு. தேறியவருக்கு ₹500 கிடைத்தது. இப்படி ஒரு முகாமில் அவர் சந்தித்தவர், இருபது வருடங்களுக்கு மேல் கிரில், கேட் செய்துகொண்டிருந்த ஒரு பட்டறைக்காரர்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது பயிற்றுநரின் குரல் மாறிவிடும். மெல்லிய சதுரக் குழாயை 2.5 மி.மீ. ராடு வைத்து ஓட்டை விழாமல் பிடிப்பது லேசான வேலை இல்லை. அந்த மனிதர் ஷீல்டு இல்லாமல், கண்ணைச் சிமிட்டும் நேரத்தில் நான்கு மூலையிலும் டேக் வைத்தார். ஒரு மூலை, பிறகு அதற்கு எதிர் மூலை, மறுபடி குறுக்கே. எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து, சட்டத்தை ஒரு பக்கம் நூலளவு சாய்த்து வைத்திருந்தார். குளிர்ந்ததும் அது தானாக நிமிர்ந்து மட்டத்துக்கு வந்தது. இதைப் பாடத்திட்டத்தில் ஓர் அத்தியாயமாக எழுதியிருக்கிறார்கள். அவருக்கு அது கையில் இருந்தது.

பிறகு டேப்லெட்டைக் கொடுத்துக் கேள்வி வந்தது. 2.5 மி.மீ. ராடுக்கு எத்தனை ஆம்பியர்? நான்கு விடை, ஒன்றைத் தொட வேண்டும். அவர் பயிற்றுநரைப் பார்த்தார். “என் மிஷின்ல நம்பர் அழிஞ்சு பத்து வருஷமாச்சு சார். கைப்பிடியைச் சுத்துவேன், சத்தம் சொல்லும்.” மதிப்பீட்டாளர் வெளியூரிலிருந்து வந்த சின்னப் பையன், மரியாதையானவன்தான், ஆனால் அவனிடம் சத்தத்துக்கு மார்க் போட இடமில்லை. எப்படியோ தேறிவிட்டார். சான்றிதழை வாங்கிக்கொண்டு, “அண்ணே, கண்ணாடி போட்டு அடிங்க, கண்ணு போயிடும்” என்று பயிற்றுநர் சொன்னதற்குச் சிரித்தபடி தலையாட்டினார். அந்த முகாமில் அவருக்கு உருப்படியாகக் கிடைத்தது அந்த ஒரு வரிதான் என்பது பயிற்றுநரின் மதிப்பீடு. ஆனால் முகாமுக்காகப் பட்டறையைப் பூட்டியதில் அவருக்கு நஷ்டம், ₹500-ஐவிடப் பல மடங்கு.

இங்கேதான் தொழிலாளிக்கான பயிற்சி இடறுகிறது. வேலையில்லாதவனுக்குக் கட்டணத்தை ரத்து செய்தால் வந்துவிடுவான். வேலையில் இருப்பவனுக்குக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை, போகிற நாள் கூலிதான் கட்டணம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இதைப் புரிந்துகொண்டு, பதிவு செய்த தொழிலாளர்களுக்கான திறன் பயிற்சியில் நாளொன்றுக்கு ₹800 ஊதிய ஈடாகக் கொடுத்தது. வெல்டர்களும் அதில் உண்டு. அப்படி வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மாலையில் மிஷினை அணைக்கப் பயிற்றுநர்தான் போராட வேண்டியிருந்தது. பட்டறை முதலாளிகளின் தயக்கம் வேறு மாதிரி. “6ஜி கத்துக் கொடுத்து அனுப்புங்க மாஸ்டர், மறுநாளே துபாய்க்கு விசா வந்துடும்” என்பார் ஒருவர். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் தேர்ச்சி பெற்றவனுக்கும் பயிற்சி தேவைப்படுகிறது. கொதிகலன், அழுத்தக் கலன் வேலைகளில் புழங்கும் அமெரிக்க ‘ஆஸ்மி’ விதிப்படி ஒரு வெல்டர் ஆறு மாதம் அந்த முறையில் வேலை செய்யாவிட்டால் அவர் தகுதி காலாவதி. துவாக்குடியில் ஆர்டர் வறண்ட வருடங்களில் நல்ல 6ஜி வெல்டர்கள் மூட்டை தூக்கவும் ஆட்டோ ஓட்டவும் போனார்கள். திரும்ப வேலை வந்தபோது கை நடுங்கியது. அவர்கள் உட்கார்ந்து பழக அரசுத் திட்டம் எதிலும் பொருத்தமான கட்டம் இல்லை. வேலையில்லாதவர் என்று எழுதினால் புதுப் படிப்பில் சேர்க்கும், வேலையில் இருப்பவர் என்று எழுதினால் கம்பெனிக் கடிதம் கேட்கும்.

டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ₹2,877 கோடியில் 71 அரசு ஐடிஐகளைத் தமிழக அரசு தரம் உயர்த்தியபோது ரோபோக்களும் மின்வாகனப் பிரிவும் ஐடிஐகளுக்குள் வந்தன. சிமுலேட்டரில் வெல்டிங் பழகும் வசதியும் இப்போது சில இடங்களில் உண்டு. தலையில் மாட்டிக்கொண்டால் ஆர்க் தெரியும், கோணம் தப்பினால் திரையில் மார்க் குறையும். ராடு செலவே இல்லை. அவர் அதை எதிர்க்கவில்லை. முதல் வாரத்துக்கு நல்ல சாமான், பயமில்லாமல் கோணம் பழகலாம். ஆனால் ஓவர்ஹெட் அடிக்கும்போது காலருக்குள் விழும் பொறி அதில் கிடையாது. பொறி விழுந்தும் கையை அசைக்காமல் இருப்பதில்தான் பாதித் தொழில் இருக்கிறது. சிமுலேட்டர் வந்துவிட்டதே, ராடு இன்டென்டைக் குறைக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டபோது மட்டும் எழுந்து நின்று பேசிவிட்டார்.

சனிக்கிழமை பிற்பகல்களில் முதல்வரிடம் அனுமதி வாங்கி ஒரு வரிசை மிஷினைத் திறந்து வைக்கிறார். பிளேட்டும் ராடும் வருகிறவர்களே கொண்டுவர வேண்டும். வளைகுடா ஏஜென்ட்டின் டிரேடு டெஸ்டுக்குத் தயாராகும் பழைய மாணவர்கள், ஆட்டோவை நிறுத்திவிட்டு வரும் முன்னாள் 6ஜிக்காரர்கள், அவர்களோடு அந்தக் கிரில் பட்டறைக்காரரும். 21 வயதாகி, தொழிலில் மூன்று வருட அனுபவம் இருந்தால் அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று சொல்லி அவரை வரவைத்தது பயிற்றுநர்தான். பாடத்திட்டம் முழுக்கச் செய்துகாட்ட வேண்டிய தேர்வு அது, முதலில் தகுதித் தேர்வு வேறு. கிரில் வேலையைப் பெரும்பாலும் தரையில் கிடத்தி அடித்தே பழகியவர், பிளேட்டை நிமிர்த்தி வைத்துக் கீழிருந்து மேலே போகச் சொன்னால் உலோகம் வழிந்து கொட்டுகிறது. “இதென்ன சார், ஒழுகுது” என்று புதுப் பையன் மாதிரி அலுத்துக்கொள்கிறார். கரண்டைக் குறைத்து, ஓரங்களில் ஒரு நொடி நின்று நடுவில் வேகமாகக் கடக்கச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறார் பயிற்றுநர்.

விண்ணப்பத்தில் அனுபவச் சான்று கேட்டிருந்தது. லெட்டர் பேடு இல்லாத சொந்தப் பட்டறைக்கு யார் சான்று தருவது? கடைசியில், வாலிபத்தில் அவர் வேலை பார்த்த துவாக்குடி பட்டறையைத் தேடிப் போனார்கள். பழைய முதலாளியின் மகன் மஸ்டர் ரோலைக் கிண்டிப் பெயரைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கட்டணம் கட்டி விண்ணப்பம் போயிருக்கிறது. தகுதித் தேர்வுத் தேதி இன்னும் வரவில்லை.